பத்திரமான ஒரு ரூம்

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒருநாள் காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "ஹனிமூனுக்கு எங்கனா போலாம்னு கீறேன். இந்த ரூம் எப்டி கீது பாரு" என்றார். வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய கட்டில். விரிப்பின்மேல் ரோஜா இதழ்களை இதய வடிவில் கொட்டி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி. வாயில் இருந்த இட்லி உள்ளே போக மறுத்தது. "நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போகிறவள்போல எழுந்து போய்விட்டேன்.

கிராமத்துக்காரி, பெரிய ஓட்டலைக் கண்டதில்லை, கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள் நான். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்கிறவள் என்று அங்கே எனக்குப் பேர். எனக்கு இருந்தது சுத்தமான பயம். அந்தப் பயத்துக்கு ஒரு முகமும் இருந்தது. எங்கள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்துகொண்டிருந்த பெண்ணின் முகம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் ஏறுவோம். ஒரகடம் வரும்வரை ஒரே சீட்டு. அவளுக்கு எனக்கு முந்திய வருஷம் கல்யாணம். புதிதில் புருஷனோடு வெளியூர் போய், ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு வந்தாள். சாக்லெட் வாங்கிவந்து சீட்டு சீட்டாகப் போய்க் கொடுத்தாள். சில மாதங்கள் கழித்து ஒருநாள், பஸ்ஸின் பின்சீட்டுகளில் ஒரு செல்போன் கைமாறிக்கொண்டே வந்தது. வாங்கியவர்கள் முதலில் போனைப் பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி எங்கள் சீட்டைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த லாட்ஜ் ரூமில் யாரோ கேமரா வைத்திருந்திருக்கிறார்கள். தாலி கட்டிய புருஷனோடு ஒருத்தி இருந்ததை எவனோ எடுத்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறான். என்னிடமும் அந்த போனை நீட்டினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். "அவளுக்குத் தெரியாமயா எடுத்திருப்பான்?" என்று பஸ்ஸிலேயே பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் அவள் கொடுத்த சாக்லெட்டைத் தின்றவர்கள். எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், ஆகாது என்பது கணக்கு. ஆடி கழிந்ததும் மாப்பிள்ளை போய்க் கூட்டிவர வேண்டும். அவளையும் ஆடிக்கு அழைத்துப்போனார்கள். ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, கூட்டிப்போக யாரும் வரவில்லை. அதே வீடியோவில் இருந்த அந்தப் புருஷன், தலையைப் படிய வாரிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது வைகாசியில். ஆனி ஓடிக்கொண்டிருந்தது. ஆடி வாசலில் நின்றது. இந்த நேரத்தில் வீட்டுக்காரர் ரோஜாப்பூ போட்ட கட்டிலைக் காட்டினால் எனக்குக் கட்டிலா தெரியும்?

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எப்படிச் சொல்வது? பெண் பார்க்க வந்தபோது ஒருமுறை, மண்டபத்தில் ஒருமுறை, அதற்கப்புறம் இந்த சில வாரங்கள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். இந்தமாதிரி வீடியோ என்று பேச்சை எடுத்தால், "உனக்கெப்படித் தெரியும், நீ பார்த்தாயா" என்று கேட்டுவிடுவாரோ? கூட உட்கார்ந்து வந்தவள் என்று தெரிந்தால் என்னையும் ஒருமாதிரி பார்ப்பாரோ? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவரையும் குறை சொல்ல முடியாது. சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்கள் வீடு. வீட்டில் அவரும் என் மாமியாரும்தான், இப்போது நான். எங்கள் அறைக்கும் மாமியார் படுக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர், கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். அந்தப் பக்கம் மாமியார் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். நாங்கள் குசுகுசுவென்று பேசிப் பேசி, புருஷன் பெண்டாட்டி ஆவதற்குப் பதிலாகத் திருடர்கள் ஆகிக்கொண்டிருந்தோம். நாலு சுவரும் கூரை வரை போகிற ஓர் அறையை அவர் தேடியதில் என்ன தப்பு?

தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு ரூம் காட்டுவார். கடற்கரை ரிசார்ட் ஒன்று. அதில் குளிக்கிற இடத்துக்குச் சுவரே கிடையாது, முழுக் கண்ணாடி. கட்டிலில் இருந்து பார்த்தால் உள்ளே குளிக்கிறவர் தெரிவார். இதற்குக் காசு வேறு கூடக் கேட்கிறான். "கடல் காத்து எனக்கு ஒத்துக்காதுங்க, சளி புடிக்கும்" என்றேன். அடுத்த நாள் காட்டுக்குள் ஒரு கூடாரம். கூரை கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். "படுத்துக்கினே நட்சத்திரம் பாக்கலாம்" என்றார். நாம் நட்சத்திரத்தைப் பார்த்தால் மரத்தில் இருக்கிறவன் நம்மைப் பார்க்க மாட்டானா? "எனக்குக் காடுன்னா பயம்" என்றேன். அது பாதி உண்மை. பிறகு கேரளாவில் படகு வீடு. அதில் சமைப்பதற்கும் ஓட்டுவதற்கும் ஆட்கள் கூடவே இருப்பார்களாம். "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றேன். "உன்ன யாரு நீந்தச் சொன்னது?" என்று சிரித்தார். அவருடைய சிநேகிதன் ஒருவன் சென்னையில் தன் ஃபிளாட்டைக் காலி செய்து தருகிறேன் என்றானாம். தெரியாதவன் கேமரா வைத்தால் முகம் தெரியாதவர்கள் பார்ப்பார்கள், தெரிந்தவன் வைத்தால்? "வேணாங்க, வேணவே வேணாம்" என்று நான் கத்தியதில் அவர் முகம் சுருங்கிப்போனது.

ஒளித்து வைத்த கேமராவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தைரியம் வரும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க இருந்த தைரியமும் போயிற்று. கடிகாரத்தில் வைப்பார்களாம். பிளக் பாயிண்டில், சட்டை மாட்டுகிற கொக்கியில், பல்பு ஹோல்டரில். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அடித்தால் லென்ஸ் மினுக்கென்று தெரியுமாம். கண்ணாடியில் விரலை வைத்தால், நிழல் விரலுக்கும் நம் விரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டுமாம். ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு மின்னுகிறதெல்லாம் கேமரா.

சரி, பழகிக்கொள்வோம் என்று ஒரு சாயங்காலம் எங்கள் அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, சீர் பீரோவின் கண்ணாடியில் டார்ச் அடித்து விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளியவர், அப்படியே நின்றுவிட்டார். இருட்டு அறை. அவிழ்ந்த தலை. முகத்துக்குக் கீழே வெளிச்சம். கண்ணாடியில் இருக்கிறவளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகள். அவர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"நைனா! ஓடியாடா! பொண்ணு ஒருமாதிரி கீதுடா!" என்று மகனைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல? முழித்தேன். அந்த முழியே போதுமாக இருந்தது. "போன வெள்ளிக்கெழம உச்சி வெயில்ல ஏரிக்கர வழியா நடந்து வந்துது. மஞ்ச கயிறு வாசன போவறதுக்குள்ள தண்ணியோரம் போவாதன்னு சொன்னேனா இல்லியா? இப்போ பாரு, காத்து புடிச்சிக்கினுது" என்று அத்தை தீர்ப்பே எழுதிவிட்டார். தினமும் ஒவ்வொரு ரூமாக வேண்டாம் என்று நான் சொன்னது, ராத்திரியில் தூங்காமல் புரண்டது, சோறு குறைந்தது எல்லாம் வரிசையாக சாட்சிக்கு வந்து நின்றன.

மறு செவ்வாய்க்கிழமை ஊர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். பூசாரி என் தலையில் தண்ணீர் தெளித்து, வேப்பிலைக் கொத்தால் தோளில் தட்டி, "யாரு நீ? எதுக்குப் பயந்துக்கினு கீற? சொல்லு!" என்று அதட்டினார். அத்தனை நாளும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று உதறியது. பஸ், போன், பக்கத்து சீட்டு என்று எல்லாம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் உதறுவதைப் பார்த்துப் பூசாரிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "தண்ணியோரம் புடிச்சது. தண்ணி கீற எடத்துல தங்க வெக்காதீங்க" என்றார்.

"புள்ள எங்கனா வெளியூரு இட்டுக்கினு போவணும்ன்றான் சாமி" என்றார் அத்தை.

"மேடா பாத்துப் போவட்டும். மலைன்னா ஒத்துக்கும். ஆனா தனியா வுடாதீங்க."

கடற்கரை ரிசார்ட்டும் படகு வீடும் அந்த ஒரு வாக்கில் அடிபட்டுப்போயின. என் வீட்டுக்காரருக்குக் காத்து கருப்பில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார். "சரி, மலைக்கே போலாம். ஏலகிரி" என்றார்.

"தனியா வுடக் கூடாதுன்னாரே" என்றார் அத்தை. அவரிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது. வேன் வைத்துக்கொள்வது, இரண்டு பெரியம்மா வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்வது, புளிசாதம் கட்டிக்கொண்டு போவது, அங்கே ஏதாவது மண்டபத்தில் ஹால் எடுத்து ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் படுத்துக்கொள்வது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. இத்தனை பேர் படுக்கிற ஹாலில் எவன் கேமரா வைத்து எதை எடுக்கப் போகிறான், பெரியம்மா குறட்டை விடுவதையா? "சரிங்கத்த! வேன்லயே போலாங்கத்த! நீங்க என் பக்கத்துலயே படுத்துக்கணும்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹனிமூனுக்கு மாமியாரை வருந்தி அழைத்த மருமகள் எங்கள் தெருவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அத்தை தண்ணீர்க் குழாயடியில் நின்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இன்றைக்கும் அந்தப் பெருமை அவருக்குக் குறையவில்லை. வீட்டுக்காரர் மட்டும் அன்றிலிருந்து ரூம் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, வாலாஜாபாத்தில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று என்னை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஆள் இல்லை. இறங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உனக்கு என்னைப் புடிக்கலயா?"

"ஐயோ, இன்னாங்க இப்டி கேக்கறீங்க?"

"அப்பால எதுக்கு எந்த ரூம் காட்னாலும் வேணாம்ன்ற? எங்கம்மாவ கூட இட்டுக்கினு வரேன்ற? என்கூடத் தனியா ஒரு ரூம்ல இருக்க உனக்கு அவ்ளோ பேஜாரா கீதா? புடிக்கலன்னா சொல்லிடு. ஆடிக்கு உங்க வூட்டுக்குப் போவ இல்ல, அப்டியே அங்கயே இருந்துக்கோ. நான் கூப்ட வர்ல."

கோபமாகக்கூட சொல்லவில்லை. அழுகிற குரலில் சொன்னார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கூட்டிப்போக ஆள் வராத ஆவணி என் கண்முன்னால் வந்து நின்றது. எங்கள் வீட்டு வாசலில் அம்மா பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ரூமுக்குப் போனால் அவள் கதி, போகாவிட்டாலும் அவள் கதி. நான் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பெண்ணின் வாசலில்தான் போய் நிற்கப்போகிறேனா?

"வரேங்க" என்றேன். "வேன் வேணாம். நீங்க சொல்ற எடத்துக்கு வரேன். புடிக்காம இல்லீங்க." குரல் உடைந்ததை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கூட வேலைசெய்யும் ஒருவர் மூலமாக ஏலகிரியில் ஒரு வீட்டைப் பிடித்தார். ஓட்டல் இல்லை, லாட்ஜ் இல்லை. கீழே வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு இருக்கிறார், மாடியில் இரண்டே ரூம், வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். "பொம்பளைங்க கீற வூடு. உனக்குக் கூச்சமா இருக்காது" என்றார். எனக்காக யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்று புரிந்தது. புரிந்தும் பயம் போகவில்லை. வேனை இழந்த அத்தை, எங்கள் பையில் வேப்பிலைக் கொத்தும் ஒரு இரும்புப் பாக்குவெட்டியும் வைத்து அனுப்பினார். இரும்பு கூட இருந்தால் எதுவும் அண்டாதாம்.

காஞ்சிபுரம் போய் வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து வாணியம்பாடி போய், மலை பஸ் பிடித்தோம். வளைவுக்கு வளைவு அவர் எனக்குப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் சீட்டு எனக்கு விட்டிருந்தார். நான் தலைசுற்றல் மாத்திரை போட்டேனா என்று மூன்று முறை கேட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நல்ல மனுஷனை நாம் இப்படிப் படுத்துகிறோமே என்றுகூட நினைத்தேன்.

மதியம் போல அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டு உரிமையாளர் கைலி கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டார். பையை வைக்கும்போது பாக்குவெட்டி வெளியே விழுந்தது. அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சுத்தமான அறை. மூங்கில் கட்டில், ஒரு கண்ணாடி, ஒரு சுவர்க் கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே பலாமரம். நாலு சுவரும் கூரை வரை போயிருந்தன.

"போயி டீ வாங்கியாங்களேன்" என்று அவரை அனுப்பினேன். செருப்புச் சத்தம் படியில் இறங்கியதும் தாழ் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். டார்ச்சை எடுத்தேன். பல்பு ஹோல்டர், பிளக் பாயிண்ட், கொக்கி, விசிறியின் கிண்ணம். கண்ணாடியில் விரல் வைத்தேன். இடைவெளி இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. துப்பட்டாவைப் போட்டு அதை மூடினேன். குளியலறைச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை இருந்தது. சோப்பைக் குழைத்து அடைத்தேன். ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். என் மூச்சு எனக்கே இரைச்சலாகக் கேட்டது. வேர்வையில் கை வழுக்கியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயமாக இருந்தது.

கதவு தட்டினார். ஒரு கையில் கடிகாரத்தோடுதான் போய்த் திறந்தேன். அவர் என்னையும், மூடியிருந்த கண்ணாடியையும், கட்டில்மேல் கழற்றி வைத்திருந்த கடிகார பேட்டரியையும் பார்த்தார். டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா பண்ணிக்கினு கீற? நெஜமாவே காத்து கருப்பா?"

இனி மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. "கேமரா தேடறேங்க" என்றேன். சொன்னதும் மீதியெல்லாம் தானாகவே வந்துவிட்டது. எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். புருஷனோடுதான் போய்த் தங்கினாள். ரூமில் எவனோ படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். அவள் தாய்வீட்டிலேயே கிடக்கிறாள். எனக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயம். உங்களைப் பிடிக்காமல் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். எந்த ஊர் லாட்ஜ், எப்படிப்பட்ட ரூம் என்று சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

அவருக்குப் பெரிய நிம்மதி. முகம் தெளிந்து, என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். "அட, இதுக்கா இவ்ளோ நாளா? என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? இங்க பாரு, அது அந்தமாதிரி லாட்ஜு. செவுரெல்லாம் ஓதம் ஏறி, ஜன்னலுக்கு மயில் போட்ட ஸ்கிரீனத் தொங்கவுட்டுக்கினு, பாத்தாலே தெரியும். இது குடும்பம் கீற வூடு. இங்க எவன் வெக்கப் போறான்?"

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். நான் டீயைக் கையில் எடுத்து வாய்வரை கொண்டுபோன பிறகுதான் உறைத்தது.

"மயில் போட்ட ஸ்கிரீனா?"

அவர் கை என் கையைவிட்டு விலகியது.

"பாத்தீங்களா அத?"

"கம்பெனி குரூப்புல வந்துது" என்றார். "எல்லாருக்கும்தான் வந்துது. எல்லாரும் பாத்தாங்க."

"நீங்க?"

"உத்திரமேரூர் பொண்ணுன்னு போட்டு வந்துது. அதான், தெரிஞ்ச பொண்ணா இருக்குமோன்னு..." என்று இழுத்தார். "நான் யாருக்கும் அனுப்பல. சத்தியமா அனுப்பல. அப்பவே அழிச்சிட்டேன்."

"பாத்துட்டு அழிச்சியா, பாக்காம அழிச்சியா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நான் அன்றைக்குத்தான் நீ என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் அதிலேயே இருந்தது.

இவ்வளவு நேரம் கடிகாரத்திலும் கண்ணாடியிலும் நான் தேடியது இந்த இரண்டு கண்ணைத்தான் என்று அப்போது தெரிந்தது. படம் எடுக்கிறவன் எங்கேயோ ஒருத்தன்தான். அவனை நினைத்துத்தான் இத்தனை நாளும் பயந்தேன். பார்க்கிறவர்கள் யார் என்று நான் யோசித்ததே இல்லை. ஜன்னல் சீட்டு விட்டுக்கொடுக்கிறவர்கள், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறவர்கள், அம்மா பேச்சைத் தட்டாதவர்கள். நாளைக்கு என் படம் வந்தாலும் இப்படிப்பட்ட ஒருவர்தான் தெரிந்த பெண்ணா என்று பார்ப்பார், பார்த்துவிட்டு அழிப்பார், அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியோடு நாஷ்டா சாப்பிடுவார். அவர் என்னைத் தொட வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"வெளிய போ" என்றேன். "தயவுசெஞ்சி வெளிய போ."

போனார். தாழ்ப்பாளைப் போட்டேன். அங்கேயே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண் காய்ந்து எரிந்தது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இனி இந்த மனிதரோடு எந்த அறையில் படுப்பேன்? மண்டபமோ மலையோ எங்கள் வீடோ, எங்கே போனாலும் அந்தக் கண்ணும் கூட வருமே. ஆடிக்குப் போனால் திரும்பி வராமல் நானே இருந்துவிட வேண்டியதுதானா? அவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார் என்பது மூச்சில் இருந்தே தெரிந்தது. வேகமாக நடந்து போய்விட்டால் தேவலை என்று இருந்தது. போய்விட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். உரிமையாளரின் குரல்.

"இன்னாப்பா, வெளிய நிக்கிற? ராவுக்கு சப்பாத்தியா சோறான்னு கேக்க வந்தேன்."

"அண்ணா, எதிர் ரூமு காலியா கீதா?"

"காலிதான். யாரு வராங்க?"

"யாரும் வர்ல. எனக்குத்தான்."

உரிமையாளர் சிரித்தார். "இத்தினி நாளா வுடறேன், ஹனிமூனுக்கு ரெண்டு ரூம் கேட்ட மாப்ளய இப்பதான் பாக்கறேன். அதுக்குள்ள சண்டயா?"

"சண்ட இல்லண்ணா. அவங்க பயப்படறாங்க."

"இன்னாத்துக்கு? கொரங்கு வந்துதா? ஜன்னல சாத்திக்கச் சொல்லு, அது ஒண்ணியும் பண்ணாது."

ஆமாம், குரங்குதான் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"கொரங்கு இல்லண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். "என்னப் பாத்துதான் பயப்படறாங்க. பயப்படற மாதிரிதான் நான் நடந்துக்கினேன்."

சாவிக்கொத்து குலுங்கியது. எதிர் ரூம் திறந்து, மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தாழ்ப்பாளை எடுக்காமலே எழுந்து போய்க் கட்டிலில் படுத்தேன். அந்த ஆனி மாதத்தில் முதன்முறையாக, விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தூங்கிப்போனேன்.